பச்சைத் துணி கட்டிய பால்கனி

எனக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நான் மறைத்தேன் என்று சொல்லக் கூடாது. வாஷிங் மெஷின் ரிப்பேர் என் தொழில். முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டு அழுக்குத் தண்ணீரில் கைவிட்டுப் பிழைக்கிறவன். கை சுத்தம், வேலை சுத்தம். வாய் மட்டும் எங்கே போனாலும் எனக்கு முன்னால் ஒரு அடி போய் நிற்கும்.

அந்த வாயால்தான் மகள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினேன். அவள் புது வீட்டுக்குக் குடிபோன சமயம். மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. மாப்பிள்ளை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாத ஆள். வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர்க் குழாயை அவரே மாட்டியிருந்தார். நான் வருவதற்குள் மாட்டிவிட வேண்டும் என்று ஆசையாம். அது ஒழுகி, கூடமெல்லாம் தண்ணீர். அவரோடு வேலை செய்கிற நாலு பேர் சோபாவில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: "ஒரு குழாயை ஒழுங்கா மாட்டத் தெரியல, இவனை நம்பி என் பொண்ணைக் குடுத்திருக்கேன்."

மாப்பிள்ளை பழைய துணியை எடுத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குழாயை மாட்டி, என் ஆரஞ்சு நிற டேப்பைச் சுற்றி, பெரிய சாதனை செய்தவன் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். மகள் வாசல்வரை வந்தாள். அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால்தான் இனி இந்த வீட்டுக்கு வரலாம் என்று மெதுவாகச் சொன்னாள். மாமனார் போய் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா? வீறாப்பாகப் படி இறங்கினேன். எட்டு மாதம் போய்விட்டது. என் மனைவி ஞாயிறுதோறும் போவாள், வருவாள், பேத்தி புதிதாக என்ன பேசினாள் என்று சொல்வாள். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருப்பேன்.

இனி ட்ரோன் கதை. எங்கள் கிளப்பில் பதினெட்டுப் பேர். பழைய லாரி எடைமேடைக்குப் பின்னால் ஒரு பொட்டல், அதில் ஒரு தகரக் கொட்டகை. கடையில் வாங்கிப் பறக்க விடுகிறவனை நாங்கள் ஆளாகவே மதிப்பதில்லை. மோட்டார் வாங்கி, சட்டம் அறுத்து, சர்க்யூட்டில் ஈயம் பற்றவைத்து, நாமே கட்ட வேண்டும். தலைவரை கேப்டன் என்று கூப்பிடுவோம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இரண்டு முழங்காலும் போனவர். என்னால் நாலு படி ஏற முடியாது, என் மெஷின் எனக்காக நாலு மாடி ஏறும் என்பார். பொட்டலுக்கு வரும் மாலைகளில்தான் மனுஷன் சிரிப்பார். நான் செயலாளர். என் ட்ரோனுக்குக் கொசு என்று பேர். கட்டிக்கொள்ள என்னிடம் அந்த ஆரஞ்சு டேப்தான் இருந்ததால், அதன் நாலு கையிலும் ஆரஞ்சு.

ஒரு புதன்கிழமை மகள் குடியிருப்புக்கு எதிர்க் கட்டடத்தில் ஒரு மெஷின் வேலை. முடித்துவிட்டு வேனை அவர்கள் பார்க்கிங்கில், குப்பைத் தொட்டிக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். ஏறிப் போக மனசு கெஞ்சியது, கால் வரவில்லை. வேனில் கொசு இருந்தது. பேத்தியை ஒரு தடவை பார்த்துவிட்டு இறக்கிவிடுவோம் என்று ஏற்றினேன்.

பால்கனியில் பேத்தி நின்றிருந்தாள். மூன்று வயசு. கொசுவைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கதவோரம் பாதி முகம் தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, கண்ணாமூச்சி! கொசுவை இடதும் வலதுமாக ஆட்டிக் காட்டினேன். மறுபடி ஓடினாள். கையில் இருந்த சின்னத் திரையைப் பார்த்து, வேனுக்குள் தனியாக, பைத்தியக்காரன் மாதிரி சிரித்தேன். அப்புறம் புதனும் சனியும் அதுவே வேலையாகிவிட்டது. இரண்டு கட்டடத்துக்கு நடுவில் சாட்டிலைட் சரியாகப் பிடிக்காது. அதனால், சிக்னல் அறுந்தால் எங்கே வந்து இறங்க வேண்டும் என்று நானே ஒரு இடத்தை எண்ணால் எழுதி அதற்குள் நிரந்தரமாக வைத்தேன். குப்பைத் தொட்டிக் கொட்டகைப் பக்கம். கடையில் வாங்குகிற ட்ரோன் கிளம்பின இடத்தைத் தானே குறித்துக்கொள்ளும். நாம் கட்டினது நாம் எழுதினதைத்தான் கேட்கும்.

இந்த நேரத்தில்தான் அரசாங்கத்தின் புது விதிகள் வந்தன. தாழ்வான வானத்தில் மருந்துப் பெட்டி, பார்சல் என்று ஆயிரம் ட்ரோன் ஓடப்போகிறது, அதனால் ரோட்டுக்கு இருப்பதுபோல் வானத்துக்கும் போக்குவரத்து ஒழுங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், பறப்பதற்கு முன்னால் போனில் பதிவு, இன்ன பாதை, இன்ன உயரம். அது கூடப் பரவாயில்லை. கையால் கட்டியவை அங்கீகாரம் பெற்ற மைதானத்தைத் தவிர வேறெங்கும் பறக்கக் கூடாதாம். பக்கத்து மைதானம் அறுபது கிலோமீட்டர். எங்கள் பொட்டலுக்கு அங்கீகாரம் வேண்டுமானால் இரண்டு நிபந்தனை. சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பி வருவதை அதிகாரி முன்னால் காட்ட வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எங்கள்மேல் புகார் இருக்கக் கூடாது.

ஒரு புகார் இருந்தது. பெயரை மறைத்து எங்களுக்கு நகல் அனுப்பி, பதில் கேட்டிருந்தார்கள். ஏழெட்டு வரிதான். மூன்றாம் மாடி. புதன், சனி மாலை. யாரோ ட்ரோன் விட்டு வேவு பார்க்கிறார்கள், துணி காயப்போடக்கூட பால்கனிக்குப் போக முடியவில்லை, பச்சைத் துணி கட்டி மறைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை பால்கனியில் பச்சைத் துணியைப் பார்த்திருந்தேன். வெயிலுக்குக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். கடிதத்தை இரண்டாம் தடவை படித்தேன். எழுதினது என் மகள்தான் என்று தெரியவில்லை என இப்போது சொன்னால் அது பச்சைப் பொய். தெரிந்தது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் பதில் எழுத வேண்டியவன் செயலாளர் ஆயிற்றே. உட்கார்ந்து எழுதினேன். எங்கள் உறுப்பினர் எவரும் அப்படிப்பட்டவர் இல்லை என்று எழுதினேன். அதோடு நின்றேனா? காக்கை பறந்தாலும் வேவு என்று நினைக்கும் கற்பனை மிகுந்த பெண்மணி போலும் என்று ஒரு வரி சேர்த்தேன். கிளப்பில் வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். கேப்டன் முதுகில் தட்டினார். பெற்ற மகளைப் பற்றி எழுதினேன். கைதட்டலையும் வாங்கிக்கொண்டேன்.

அதிகாரி ஒரு சனிக்கிழமை காலை வந்தார். ஐம்பது வயசிருக்கும் பெண்மணி, தோளில் மாட்டிய பையில் ஒரு டேப்லெட், வார்த்தைக்கு வார்த்தை அளந்து பேசுகிறவர். பதினெட்டுப் பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் வரிசையாக நின்றிருந்தோம், பெண் பார்க்க வந்த வீடு தோற்றது. நேர்த்தியாகக் கட்டியது கொசுதான் என்று கேப்டன் அதையே காட்டச் சொன்னார். அதிகாரி அதன் முதுகில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டினார், எங்கே போகிறது என்று அவர் டேப்லெட்டில் தெரியும். எனக்கு நாக்கு அரித்தது. கடையில் வாங்குகிறவனுக்கு அதன் புத்தி எப்படி வேலை செய்யும் என்று தெரியாது, எங்களுக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவும் தெரியும் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். பொட்டலின் மறுகோடிக்குக் கொசுவை ஓட்டிப் போய் நிறுத்தினேன். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி, ஒரு ஸ்டைலாக, அதிகாரி கையிலேயே கொடுத்தேன். இப்போது பாருங்கள், தானாக நம் காலடிக்கு வரும் என்றேன்.

கொசு மூன்று விநாடி யோசித்தது. மேலே ஏறியது. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கிழக்கே போனது.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான் எழுதின எண் அப்படியே உள்ளே கிடந்தது. பொட்டலில் ஒரு நாளும் சிக்னல் அறுந்ததில்லை, அதனால் நினைவும் வரவில்லை. பேட்டரியைப் பிடுங்கி மாட்டுவதற்குள் அது மரங்களைத் தாண்டிவிட்டது. எங்கே போகிறது என்று கேப்டன் கேட்டார். காற்று இழுக்கிறது என்றேன். அதிகாரி மரக்கிளைகளைப் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார். "காத்துக்கு எதிராப் போகுதே," என்றார்.

அவர் ஜீப்பில் நானும் கேப்டனும் ஏறினோம். டேப்லெட்டில் ஒரு சிவப்புப் புள்ளி ரோட்டைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டிருந்தது. எங்காவது மோதி விழு, சனியனே, என்று மனசுக்குள் வேண்டினேன். இரண்டு மாதம் தூங்காமல் கட்டினதை அப்படி வேண்டிக்கொண்டேன். அது மோதவில்லை. கொட்டகைப் பக்கத்தில், கோடு போட்டு இறக்கின மாதிரி உட்கார்ந்திருந்தது. அவ்வளவு சுத்தமாக அது ஒரு நாளும் இறங்கியதில்லை.

நாங்கள் இறங்கும்போது மகள் படியிலிருந்து ஓடி வந்தாள். கையில் துடைப்பக் கட்டை. சத்தம் கேட்டு வந்திருக்கிறாள், அடித்து நொறுக்கத்தான். பின்னாலேயே மாப்பிள்ளை, பாதி ஷேவ் செய்த முகத்தோடு. அதிகாரி விலாசப் பலகையைப் பார்த்தார், புகார் வந்த விலாசம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நீங்கள் எழுதினது இந்த ட்ரோனைப் பற்றியா என்று மகளிடம் கேட்டார்.

மகள் குனிந்து கொசுவைப் பார்த்தாள். அந்த ஆரஞ்சு டேப் அவளுக்குத் தெரியாதா? அவள் வீட்டுக் குழாயிலும் அதுதான். சின்ன வயசில் அவள் சைக்கிள் கைப்பிடியிலும் அதுதான் சுற்றியிருந்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். துடைப்பக் கட்டை கையிலிருந்து தானாக இறங்கியது.

"இது இல்ல மேடம்," என்றார் மாப்பிள்ளை. "அது வெள்ளையா இருக்கும். கடையில வாங்கினது."

எந்த மனுஷனைக் குழாய் மாட்டத் தெரியாதவன் என்று நாலு பேர் முன்னால் சொன்னேனோ, அவர் எனக்காகப் பொய் சொல்கிறார். முகத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. என் கண்ணை அவர் பார்க்கவே இல்லை. அதிகாரி குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். கேப்டன் என் தோளில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். வாயை மூடிக்கொள், பொட்டல் தப்பித்தது என்று அதற்கு அர்த்தம். மூடிக்கொண்டுதான் நின்றேன். பேசக் கூடாத இடத்திலெல்லாம் பேசினவன், பேச வேண்டிய இடத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன்.

மகள் பக்கத்தில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மூணு மாடிதானேப்பா."

அடித்திருக்கலாம். அந்தக் கட்டையால் நாலு போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். முழங்கால் போன மனுஷன் பக்கத்தில் நிற்கிறார். எனக்கு இரண்டு காலும் கல் மாதிரி இருக்கிறது. படி ஏறி இரண்டு வார்த்தை சொல்ல வக்கில்லாமல் மெஷினை ஏற்றியிருக்கிறேன்.

"இதுதான் மேடம். விட்டவன் நான்தான்," என்றேன். "இது என் பொண்ணு. அவர் என் மாப்பிள்ளை. அவர் மேல எந்தத் தப்பும் இல்ல. என்னை மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை." எட்டு மாதம் தொண்டையில் நின்ற வார்த்தை, குப்பைத் தொட்டிப் பக்கத்தில், அந்நியர் முன்னால் வந்து விழுந்தது. கேப்டன் கை என் தோளிலிருந்து இறங்கிவிட்டது.

அதிகாரி எத்தனை தடவை என்று மட்டும் கேட்டார். இருபத்திரண்டு என்றேன். பதில் கடிதம் எழுதினதும் நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றுமில்லை, எழுதிக்கொண்டு போய்விட்டார். பொட்டலுக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. மற்றவர்கள் இப்போது மாதம் ஒரு தடவை அறுபது கிலோமீட்டர் போகிறார்கள். கேப்டனால் அவ்வளவு தூரம் போக முடியாது. அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசினது ஒரே ஒரு பேச்சு, கொட்டகைச் சாவியைக் கொடு என்று. கொடுத்தேன்.

மாப்பிள்ளை அன்றே மேலே வந்து ஒரு டீ குடிக்கக் கூப்பிட்டார். எந்த முகத்தோடு போவது? அடுத்த ஞாயிறு மனைவியோடு போனேன். ஐம்பத்து நாலு படி. மகள் கதவைத் திறந்து, வாங்க என்று சொல்லி, உள்ளே போய்விட்டாள். பச்சைத் துணி பால்கனியில் அப்படியே இருந்தது. அவிழ்க்கலாமே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பேத்திதான் தாத்தா என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். எட்டு மாதத்தில் பேச்சு நன்றாக வந்திருந்தது. பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள்.

அப்போது பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள்.

பேத்தியின் கையிலிருந்த பொம்மை விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. என் விரலைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, வா. ஒளிஞ்சுக்கலாம். உன்னையும் பாத்துடும்."

கட்டிலுக்கு அடியில் இழுத்துப் போனாள். நானும் தவழ்ந்து போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு சின்னத் தலையணை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கரடி பொம்மை எல்லாம் அடுக்கி வைத்திருந்தது. வழக்கமான இடம் போலிருக்கிறது. தலையணையை என் பக்கம் தள்ளினாள். அது நான்தான்டா கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

"பேசாத," என்றாள் காதுக்குள். மற்றக் கையை எடுத்து, விரல்களை விரித்து, இடதும் வலதுமாக ஆட்டிக் காட்டினாள். "இப்படி இப்படி ஆட்டும். அப்புறம் போயிடும்."

நான் அசையாமல் படுத்திருந்தேன்.