மழையில் நீண்ட கிழங்கு விடுமுறை

குறைந்தது அறுபது பிள்ளைகளாவது இருக்கவேண்டிய பள்ளியில் காலை பத்து மணிக்கு ஒன்பது பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை கொரின் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

ஐடஹோவின் கார்டன் ஃபிளாட்டில், அரசுப் பணத்தில் தனிக் குழு நடத்தும் சார்ட்டர் பள்ளி அது. தேர்வு மதிப்பெண்ணில் வட்டாரத்துக்கே முதலிடம். என்ன பிரயோசனம்? இன்று நண்பகலில் இருக்கைகளில் அறுபது தலைகள் இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, கதவுக்குப் பூட்டு. எண்ண வந்த அதிகாரி ஹால்வர்சன் அம்மையார் வேறு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எண்ணும் தேதியைத் தேர்ந்தெடுத்தவள் கொரினேதான். பிள்ளைகளும் வயலில் இறங்கும் உருளைக்கிழங்கு அறுவடை விடுமுறை போன வெள்ளியோடு முடிகிறது என்று காலண்டரை நம்பினாள், நகரத்துக்காரி.

"மழை பெஞ்சா லீவு தானா ஒரு வாரம் நீளும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள் அலுவலகத்து டெல்ஃபா.

"இப்ப கூப்பிட்டா வருவாங்களா?"

"இன்னிக்கு ராத்திரி உறைபனியாம், அதுக்குள்ள கிழங்கை எடுத்தாகணும். அறுவடை மெஷின்ல நின்னு கிழங்குக்கு நடுவுல மண்ணாங்கட்டி பொறுக்கறதே நம்ம பசங்கதான். ஓர்வல் விட்டுடுவாரா?"

ஓர்வல் ஊரின் பெரிய விவசாயி. 'இன்னொரு பள்ளி எதுக்கு?' என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கத்தியவர். கொரின் வேண்டாமென்று தலையாட்டினாள். தன் தப்புக்கு அவர்கள் விளைச்சலைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. டெல்ஃபா முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய்த் தன் வண்டியில் உட்கார்ந்து, லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் ரேடியோவைத் திருகிப் பேசத் தொடங்கினாள்.

பதினொன்றரைக்கு ஜன்னல்கள் அதிர்ந்தன. கிழங்கு லாரிகள் பாதிச் சுமையோடு வரிசையாக வந்து நின்றன. முதல் லாரி ஓர்வலுடையது. மண் அப்பிய முகங்களோடு பிள்ளைகள் பொத்துப்பொத்தென்று குதித்தார்கள். கொரின் வயல் பக்கம் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய வரை ஒரு இயந்திரமும் ஓடவில்லை. அறுவடையில் இந்த ஊர் சாவுக்குக்கூட நின்றதில்லை என்பார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. மூன்று வருஷமாக இந்த ஜனங்களைத் தான் அறியவே இல்லை என்று தோன்றியது.

ஹால்வர்சன் இரண்டு முறை எண்ணினார். "அறுபத்திநாலு."

ஓர்வல் வாசலில் நின்றார். "எண்ணியாச்சுல்ல? பசங்களை விடு."

"உங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணுகூட இங்க படிக்கலையே. நீங்க ஏன் அறுவடையை நிறுத்தினீங்க?" என்றாள் கொரின்.

"உன் ஸ்கூல் வேண்டாம்னு இப்பவும்தான் சொல்றேன். மூடணும்னா கூட்டத்துல கை தூக்கி மூடுவோம். மழை வந்து மூடறதா?"

"இதனால உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்?"

"ஒரு பத்து ஏக்கர் பனியில போகும். போகட்டும்."

கொரின் தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். மற்ற ஐந்து ஆசிரியர்களும் கேட்காமலே எழுந்தார்கள். எல்லோரும் பிள்ளைகளோடு லாரியில் ஏறினார்கள்.

பொழுது சாய்வதற்குள் அந்தப் பத்து ஏக்கரையும் தோண்டி முடித்தார்கள்.