முதுகுக்குப் பின்னால் எழுந்த தீ

பன்னிரண்டு பவுண்டு உப்பையும் ஹால்வர் ஒரே மூச்சில் பானைக்குள் கவிழ்த்தார். பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாள் இடலினா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு தன் மருமகள் பெரிட்டிடம் தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன சொல்லுது அந்தம்மா?" என்றார் ஹால்வர், மகளைப் பார்த்து.

"ரொம்ப ஆர்வமா இருக்குன்னு சொல்றாங்கப்பா" என்றாள் பெரிட்.

"பொய் சொல்லாதே. ஆர்வமா இருக்கறவ எதுக்குச் சிலுவை போடணும்?"

பெரிட் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "மீனைச் சமைக்கிறீங்களா, கருவாடு போடுறீங்களான்னு கேக்கறாங்க."

ஹால்வர் விறகை ஒரு உதை விட்டார். தீப்பொறி பறந்தது. அவருக்கு வெளியூர்க்காரர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. உள்ளூர்க்காரர்கள் மேலும் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் இந்த அம்மாளிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று ஒரு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். காரணம் இருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெரிட் அட்லாண்டிக்கின் நடுவே இருக்கும் பிக்கோ தீவுக்குப் போய், துவார்த்தே என்ற மீன்பிடிக்காரனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது இருவரும் ஹால்வர் இருக்கும் இந்த மிச்சிகன் ஏரிக்கரைக்கே வந்துவிடலாம் என்கிறார்கள். துவார்த்தே ஒற்றைப் பிள்ளை. அம்மா வராமல் அவன் வரமாட்டான். அம்மாளோ ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "ஒரு வாரம் இருந்து பாக்கறேன். என் வாய்க்குப் பிடிச்ச மாதிரி ஒரு வேளைச் சாப்பாடு கிடைச்சா வர்றேன். கிடைக்கலேன்னா நீங்களும் போக வேண்டாம்."

துவார்த்தே படகோடு தீவிலேயே இருந்துவிட, பெரிட்தான் அவளைக் கூட்டி வந்தாள். அந்த ஒரு வாரம் இன்றோடு முடிகிறது. நாளைக் காலை விமானம்.

முதல் நாள் புதுப் பாலாடைக்கட்டித் துண்டுகளைக் கொடுத்தார்கள். கடித்ததும் பல்லுக்கிடையில் அது கிறீச்சென்றது. நல்ல கட்டி என்றால் அப்படித்தான் கத்தும். இடலினா அதை வாயிலிருந்து எடுத்து, உயிரோடு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாம் நாள், கோழியும் மாட்டிறைச்சியும் காய்கறியும் ஒன்றாக ராத்திரி முழுக்கக் கொதித்த பூயா. "இதுல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். செர்ரிப் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரத்தில் மேல் மாவை மட்டும் தின்றுவிட்டு, சாப்பாடு எப்போது வரும் என்றாள்.

மிச்சம் இருந்தது மீன் கொதிப்பு ஒன்றுதான். தேவாலயத்து முற்றத்தில் ஆகஸ்ட் மாசச் சனிக்கிழமைகளில் ஹால்வர் நாற்பத்தொரு வருஷமாகக் கொதிக்க வைக்கிற மீன். மேசைகளில் எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் இன்னும் ஏரித் தண்ணீரில் கிடந்தது.

"தோள் எப்படிடா இருக்கு?" என்றான் லைல். ஹால்வரின் கூட்டாளி. கொதித்து முடிந்ததும் கம்பைக் கோத்து மீன் கூடையைத் தூக்குகிறவன்.

"யார் தோள்?"

"என் பாட்டன் தோள். ஏப்ரல்ல படகை இழுக்கறப்போ கத்தினியே, அது எனக்குக் கேக்கலேன்னு நினைச்சியா? இன்னிக்கு ஒரு நாள் தகரத்தை என்கிட்ட குடேன்."

"உன்கிட்டயா? போன தடவை குளிர்காய நெருப்பு மூட்டறேன்னு சொந்தத் தொப்பியைக் கொளுத்தினவன் நீ. போய்க் கம்பைப் பிடி."

தகரம் என்றால் மண்ணெண்ணெய்த் தகரம். மீன் வெந்து முடிகிற நொடியில் அதைத் தீயில் வீச வேண்டும். தீ குபீரென்று கிளம்பும். பானை பொங்கி வழியும். மேலே மிதக்கிற மீன் நெய்யும் அழுக்கு நுரையும் வழிந்து ஓடிவிடும். அரை நிமிஷம் பிந்தினால் அந்த நெய் மீனிலேயே ஏறிவிடும். அப்புறம் அதை நாய்கூட மோந்து பார்க்காது. அந்த வீச்சை ஹால்வர் இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. அடுத்த ஊரில் வேறொருவன் வீசினால் அங்கே சாப்பிடவும் போகமாட்டார். காற்றுக்கு முதுகு காட்டி அவர் நிற்கிற இடத்தில், இரண்டு பாத அளவுக்குப் புல் முளைப்பதே நின்றுபோயிருந்தது.

உருளைக்கிழங்கு பானைக்குள் போயிற்று. வெங்காயம் போயிற்று. இடலினா நகராமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் இருபது வருஷம் புருஷனோடு படகில் போனவள்தான்.

"அத்தை கேக்கறாங்க, ஏன் எப்பவும் அந்த மொட்டை இடத்துலயே நிக்கறீங்கன்னு."

"காத்து பின்னால இருக்கணும். இல்லேன்னா மூஞ்சி வெந்துடும்னு சொல்லு. வீசறது பானை மேல இல்ல, அடியில விறகு மேலன்னும் சொல்லு. சொல்லிட்டு, மீனை அவிச்சுத் திங்கறது நோயாளிங்கதான்னு நேத்து யாரோ சொன்னாங்களே, அவங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நிக்கணும்னும் சொல்லு."

பெரிட் நீளமாக ஏதோ சொன்னாள். இடலினா ஹால்வரின் முகத்தையே பார்த்துவிட்டுச் சுருக்கமாகப் பதில் சொன்னாள்.

"என்னவாம்?"

"நான் பாதியைத்தான் சொல்றேனாம். மீதி உங்க மூஞ்சியில எழுதியிருக்காம்."

வெள்ளை மீன் துண்டுகள் கூடையோடு உள்ளே இறங்கின. பத்து நிமிஷம். ஹால்வருக்குக் கடிகாரம் வேண்டாம். நுரை சாம்பல் நிறமாகத் தடித்து விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. லைலும் இன்னொருவனும் கம்பைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். ஹால்வர் தகரத்தைக் கையில் எடுத்தார்.

கை இடுப்பு வரைதான் எழும்பியது. தோளுக்குள் யாரோ தூண்டில் முள்ளைப் போட்டு இழுத்த மாதிரி இருந்தது. விரல் தானாக விட்டுவிட்டது. தகரம் நட்டக்குத்தலாகப் புல்லில் விழுந்து நின்றது.

"அப்பா!"

"ஒண்ணுமில்ல. தள்ளு." இடது கையை நீட்டினார். இடது கையில் வீசினால் எண்ணெய் எங்கே போகும் என்பது அவருக்கே தெரியும். லைலின் இரண்டு கையிலும் கம்பு. நுரை விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்தது இந்தப் பானைக்குள் கெட்டுப்போகப் போகிறது என்று அவருக்குத் தோன்றியது.

இடலினா யாரையும் கேட்கவில்லை. குனிந்து தகரத்தை எடுத்தாள். கொடிக்கம்பத்தில் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று ஒரு தரம் பார்த்தாள். நேரே போய் அந்த மொட்டைத் தரையில், ஹால்வரின் பாதங்கள் இருந்த இடத்திலேயே தன் பாதங்களை வைத்தாள்.

"மேல இல்ல! அடியில, விறகுல!" என்று ஹால்வர் கத்தினார். மொழிபெயர்க்க நேரம் இல்லை. தேவையும் இருக்கவில்லை. படகு ஓரத்தில் நின்று மீனுக்கு இரை தூவுகிறவள் மாதிரி, மணிக்கட்டை மட்டும் சுழற்றித் தாழ்வாக, அகலமாக அவள் வீசினாள். வீசிய வேகத்திலேயே திரும்பி முதுகைக் காட்டினாள்.

வீசியதும் எப்போதும் தீக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுகிற ஹால்வர், இன்று திரும்ப மறந்துவிட்டார்.

பாய்மரத்தில் திடீரென்று காற்று நிறைந்தால் ஒரு சத்தம் வருமே, அப்படி ஒரு சத்தம். பானை காணாமல் போயிற்று. அது இருந்த இடத்திலிருந்து தீ எழுந்தது, மேப்பிள் மரத்தின் பாதிக் கிளை தாண்டி, ஓரங்களில் நீலமாக, நடுவில் கண் கூசாத ஒரு பொன் நிறமாக. அந்தத் தீக்குள்ளேயே தண்ணீர் எழுந்தது. அதுதான் அவரை உலுக்கியது. வெள்ளையாக, கிரீடம் வைத்த மாதிரி எழுந்து, ஒரு கணம் அப்படியே நின்று, எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் கவிழ்ந்தது. சீறல். நீராவி வெயிலை மறைத்தது. அத்தனை பெரிய தீ, வழிந்த தண்ணீரின் முன்னால் மண்டி போட்டு அடங்கியது. எழுபது பேரும் ஒரே மூச்சை இழுத்து ஒரே மூச்சாக விட்டார்கள்.

இந்த மூச்சை அவர் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறார். வாய் பிளக்கிற வெளியூர்க்காரர்களை எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறார். அவர்கள் எடுத்த படங்களை எல்லாம் காட்டியிருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் அவருடைய முதுகுதான் பெரிதாகத் தெரியும். இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா? தன் கையால் நூறு தடவைக்கு மேல் எழுப்பிவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத இதையா?

"அப்பா, அழறீங்களா?"

"மண்ணெண்ணெய்ப் புகை. லைல்! மரம் மாதிரி நிக்காதே, கூடையைத் தூக்கு!"

"நீதாண்டா மரம் மாதிரி நிக்கிற" என்றான் லைல், கூடையைத் தூக்கிக்கொண்டே.

இடலினா தட்டோடு உட்கார்ந்தாள். எல்லோரும் உருக்கிய வெண்ணெயை மீன் மேல் ஊற்றினார்கள். அவள் வெண்ணெயைத் தள்ளி வைத்தாள். முள்கரண்டியை வைத்ததுமே மீன் இதழ் இதழாகப் பிரிந்தது. ஒரு இதழை வாயில் போட்டாள். மென்றாள். ஹால்வர் எதிரே நின்றுகொண்டு, அவள் தொண்டை அசைகிறதா என்று பார்த்தார்.

அவள் நிமிர்ந்து, கரி படிந்த பானையைப் பார்த்தாள். கிழங்கைத் தின்றுவிட்டு மறுபடியும் பானையைப் பார்த்தாள்.

"அவ்வளவு உப்பும் எங்கே போச்சுன்னு கேக்கறாங்க" என்றாள் பெரிட்.

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன படிச்சவனா? எவ்வளவு போட்டாலும் அது எடுத்துக்கறதைத்தான் எடுத்துக்கும்."

பெரிட் சொன்னாள். இடலினா தட்டைக் காலி செய்தாள். முள்ளை மட்டும் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். பெரிட் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"உப்பே தெரியாத ஏரியில பொறந்த மீனு... அதைக் கொஞ்ச நேரம் கடல்ல நீந்த விட்டுட்டீங்க சம்பந்தின்னு சொல்றாங்கப்பா."

ஹால்வர் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

இடலினா எழுந்து, தானே போய் இரண்டாம் தட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை வெண்ணெய் ஊற்றிக்கொண்டாள்.

"குளிர்காலத்துல ஏரி உறைஞ்சிடுமாமே, அப்போ மீனுக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறாங்க."

"ஐஸ்ல ஓட்டை போட்டுப் பிடிப்போம்."

இடலினா ஏரியை ஒரு பார்வை பார்த்தாள். தன் மெல்லிய சட்டையின் கையைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டாள். பெரிட் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன? என்ன கேக்குது?"

"தடிமனான கோட்டு இங்க எந்தக் கடையில நல்லா இருக்கும்னு கேக்கறாங்கப்பா."

லைல் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டான். ஹால்வர் அவனைத் திட்ட வாயெடுத்து, பாதியிலேயே விட்டார். போய்க் காலித் தகரத்தை எடுத்து வந்து, மேசையில் சம்பந்தியம்மாளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இவங்களுக்குச் சொல்லு. வந்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இது இவங்க கையில. நான் அந்தக் கடைசி மேசையில உக்காந்து பாக்கப் போறேன்."

பெரிட் பேச ஆரம்பித்தாள். ஹால்வர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாதி சொல்லாதே. முழுசும் சொல்லு."