இடதுகால் பெல்லி

சானியா மாடி ஜன்னலில் போய் நின்றது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க. பார்த்ததென்னவோ முதுகைத்தான். காரை விட்டு இறங்கிய காஷிஃப், தன் அம்மாவை முன்னால் போகவிட்டு, வாசலில் இருந்த அவளுடைய அத்தாவின் புது ஷூவை நோக்கிக் குனிந்தான். இடதுகால் மேல்தோலைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான். தோல் சுருங்கியதை நின்று பார்த்தான். பிறகு ஒன்றும் நடக்காதவன் போல உள்ளே வந்துவிட்டான். பெண் பார்க்க வந்த இடத்தில் மாமனாரின் ஷூவை அமுக்கிப் பார்க்கிற மாப்பிள்ளையை ஆம்பூர் இதுவரை கண்டதில்லை.

அதுவும் எந்த ஷூ! காலமெல்லாம் தன் ஷூ ஃபேக்டரியில் அடுத்தவர் பெயருக்குத் தைத்துக் கொடுத்த அவள் அத்தா அப்துல் சமத், சொந்தப் பெயர் போட்டுச் செய்த முதல் ஜோடி. நாளைக்குச் சென்னையில் ஜெர்மனிக்காரர்களிடம் அதைக் காட்டித்தான் ஆர்டர் கேட்கப் போகிறார். அதுவரை வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று வாசலிலேயே வைத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதைப் பித்தளை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இரு வீட்டுப் பெரியவர்களும் ஏறக்குறைய முடிவு செய்தாகிவிட்டது. மிச்சம் சானியாவின் சம்மதம் ஒன்றுதான். அதையும் இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கிடைத்தது கூடத்து மூலையில், அம்மாவின் பார்வை படுகிற தூரத்தில், ஒரு டீ ஆறுகிற நேரம். அதைச் சமையல், சினிமா என்று கேட்டு வீணாக்க அவளுக்கு மனசில்லை.

“எங்க அத்தா ஷூவ ஏன் அமுக்கிப் பாத்தீங்க?”

காஷிஃபின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது. மேல்விஷாரத்து டேனரி ஒன்றில் தோலைத் தரம் பிரிக்கிறவன் அவன்.

“பழக்கங்க. கை சும்மா இருக்காது.”

“பழக்கம்னா அமுக்கிட்டு வந்திருப்பீங்க. நின்னு பாத்தீங்களே.”

அவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அப்துல் சமத்தை ஒருமுறை பார்த்தான். குரல் இறங்கியது. “எடது கால் பெல்லி.”

“வயிறா?”

“மாட்டுத் தோல விரிச்சா முதுகு நடுவுல வரும், வயிறு ரெண்டு ஓரத்துக்கும் போய்டும். முதுகு கெட்டி. வயிறு லூஸு. மூச்சு விட்டு, மேஞ்சு, கன்னு சொமந்து, விரிஞ்சு குடுத்தே பழகின தோலு அது. உள்பக்கம் வைக்கலாம். மேல போட்டா கொஞ்ச நாள்ல தொங்கிடும். பாலிஷ் ஜாஸ்தி குடுத்திருக்காங்க, அதான் கண்ணுக்குத் தெரியல.”

சானியா ஆங்கில டீச்சர். அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்கிறவள். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஷூகூட அவளுக்கு மறந்துவிட்டது.

“பசங்க பெல்லின்னு சொன்னா, ஸ்டமக்னு சொல்லுடான்னு திருத்துவோம். ஆனா காத்துல உப்புற கப்பல் பாய்க்கும் அதான் பேரு. வயலின் மேல்பலகைக்கும் அதான். கம்பெனி திவாலானா, செத்த மீனு மாதிரி பெல்லிய மேல காட்டிடுச்சும்பாங்க. ஆதியில அதுக்கு இன்னா அர்த்தம் தெரியுமா? தோல் பை. வயிறுன்றதெல்லாம் அப்புறம் வந்தது.”

“அப்போ வெள்ளைக்காரனும் டேனரில ஆரம்பிச்சவன்தான்,” என்று சிரித்தான் காஷிஃப். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மறைப்பானேன், ஆளையே பிடித்துப்போயிற்று.

அவர்கள் கிளம்பும்போது அப்துல் சமத் வாசலில் அந்த ஷூவை மாட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டினார். “தோல் தெரிஞ்ச புள்ள நீ. சொல்லு தம்பி, எப்டி?”

காஷிஃப் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். “நல்லாருக்கு மாமா.”

சானியாவுக்குத் திக்கென்றது. வாயை மூடிக்கொண்டால் கல்யாணம். ஆனால் அத்தா நாளைக்கு அந்நிய மனிதர்கள் நடுவில் தலைகுனிந்து நிற்பார். வாயைத் திறந்தால் இவன் பொய் சொன்னது வெளியே வந்துவிடும், சம்பந்தம் அதோடு சரி. பிடித்த ஆளைத் தன் வாயாலேயே தொலைக்க யாருக்கு மனசு வரும்? அப்படியும் சொன்னாள்.

“எடது கால் பெல்லி, அத்தா.”

அவர் முகம் இருண்டது. “யார் சொன்னா ஒனக்கு?”

காஷிஃப்தான் முன்னால் வந்தான். “நான்தான் மாமா.”

“அவகிட்ட சொல்லத் தெரியுது, நான் கேட்டா நல்லாருக்குன்றியே?”

அவனுடைய அம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவன் நகரவில்லை.

“அவங்க தெரிஞ்சுக்கணும்னு கேட்டாங்க. நீங்க நல்லாருக்குன்னு சொல்லணும்னு கேட்டீங்க மாமா. எனக்கு பயமாய்டுச்சு.”

அப்துல் சமத் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கட்டைவிரலால் அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். தோலோடு கிடந்தே தேய்ந்த விரல், அதற்குத் தெரியாமலா இருக்கும்? இத்தனை நாள் அதை அந்தப் பக்கம் கொண்டுபோகாதவர் அவர்தான்.

“கார்ல அம்மாவ மட்டும் அனுப்பிடு தம்பி,” என்றார் நிமிராமலே. “நீ ஃபேக்டரிக்கு வா. வேற தோல் எடுத்து இன்னிக்கே வெட்டணும்.”

காஷிஃப் தலையாட்டினான். சம்பந்தம் இருக்கிறதா முறிந்ததா என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. சானியாவிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளே அம்மா பக்கம் திரும்பி, அவன் காதில் விழும்படியே சொன்னாள்.

“எனக்கு சம்மதம்மா. இனிமே யார் கேட்டாலும் அவர ஒரே பதிலா சொல்லச் சொல்லு.”