ஒன்பது நாள் மீனெண்ணெய்

ஒன்பது நாள்தான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடத் தெளிக்கவில்லை. இதை எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும் சின்னவளுக்கு வெட்கம் போகவில்லை. போகவும் கூடாது என்றுதான் நான் சொல்வேன்.

மீன் தீவனம் செய்யும் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. பண்ணை மீனுக்குப் போடும் தீவனத்தில் மீனெண்ணெய் சேர்ப்பது வழக்கம். ஒரு மீனை வளர்த்தெடுக்க எத்தனையோ பொடிமீன்களைக் கடலிலிருந்து வாரி வந்து பிழிய வேண்டியிருக்கிறதே, இது என்ன நியாயம் என்று மேலாளர் கேட்டார். சரியான கேள்விதான். மீனெண்ணெயை எடுத்துவிட்டு, சோயா எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் புதுத் தீவனம் தயாரித்தார்கள். ஆறு தொட்டிகளில் கொடுவா மீன் குஞ்சுகளை விட்டார்கள். மூன்றுக்குப் பழைய தீவனம், மூன்றுக்குப் புதியது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சின்னவளுடையது.

கொடுவாவுக்கு நாக்கு நீளம். புதுத் தீவனத்தை வாயில் வாங்கும், துப்பும். மறுபடி வாங்கும், மறுபடி துப்பும். மூன்று நாள் இப்படியே போனது. குஞ்சுகள் ஒட்டிய வயிற்றோடு மூலையில் நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவம் மட்டும்தானா? பரிசோதனை சொதப்பினால் மேலாளர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயமும் இருந்தது. காதும் காதும் வைத்தாற்போல் ஒரு கரண்டி மீனெண்ணெயை எடுத்துப் புதுத் தீவனத்தின் மேல் தெளித்து, புரட்டிப் போட்டாள். குஞ்சுகள் அடித்துப் பிடித்து விழுங்கின. நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து, ஒன்பது நாளில் நிறுத்திவிட்டாள். அதற்குள் அவற்றுக்குப் பழகிவிட்டது. மூன்று மாதம் கழித்து எடை பார்த்தபோது ஆறு தொட்டி மீன்களும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை.

“முதல் நாள்லேருந்தே சாப்பிட்டுச்சா?” என்று கேட்டார் மேலாளர், பேனாவைத் திறந்தபடி.

“சாப்பிட்டுச்சு சார்.”

இரண்டே வார்த்தை. ‘முதல் நாளிலிருந்தே தயக்கமின்றி உண்டன’ என்று அறிக்கையில் ஏறிவிட்டது.

அவளுடைய அக்காவின் கணவர் கொடுவாப் பண்ணை வைத்திருப்பவர். அறிக்கையைப் பார்த்ததும் மனுஷருக்கு வாயெல்லாம் பல். “எங்க வீட்டு விஞ்ஞானி சொல்லியாச்சு. இனிமே வேற பேச்சே கிடையாது” என்று மூன்று குளத்துக்கும் புதுத் தீவனத்தை இறக்கினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா காபி கொண்டுவந்து நீட்டினாள். திறந்த வாயால் காபியைக் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

எட்டாம் நாள் காலையில் அக்கா போன் செய்தாள்.

“டமாரத்தை வேலையைவிட்டு அனுப்பப் போறாராம்டி உங்க அத்தான்.”

டமாரம் என்பது பண்ணையில் பன்னிரண்டு வருஷமாகத் தீவனம் போடுகிறவருக்கு எல்லோரும் வைத்த பெயர். அவர் ரகசியம் பேசினாலும் மூன்று குளத்துக்கும் கேட்கும்.

“அவரையா? எதுக்குக்கா?”

“மீனெல்லாம் தீனியைத் தொடவே மாட்டேங்குதாம். டமாரம் மூட்டையை நனைய விட்டுட்டாரோ, நல்ல தீவனத்தை வெளியில தள்ளிட்டு வேற எதையோ போடறாரோன்னு சந்தேகம். ‘உன் தங்கச்சிகிட்ட சாப்பிட்ட மீனு இங்க மட்டும் ஏன் சாப்பிடலை’ன்னு குதிக்கிறாரு.”

சின்னவள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு நேராகப் பண்ணைக்கு ஓடினாள்.

குளத்தில் தின்னப்படாத தீவனம் ஊதிப்போய் மிதந்துகொண்டிருந்தது. கரையில் அத்தான் கத்திக்கொண்டிருந்தார். டமாரம் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அத்தான், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னோடது.”

மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். குஞ்சுகள் துப்பியதை, எண்ணெய் தெளித்ததை, மேலாளரிடம் புளுகியதை. சொல்லச் சொல்லக் காது மடல் சுட்டது. அவளைப் பற்றிப் பண்ணை முழுக்கப் பெருமையடித்துத் திரிந்த அத்தான், மிதக்கும் தீவனத்தைப் பார்த்தபடியே கேட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

“சார்கிட்டயும் இன்னிக்கே சொல்லிடறேன்” என்றாள். பிறகு டமாரத்தின் பக்கம் திரும்பினாள். “மன்னிச்சுடுங்கண்ணே. பத்து நாளைக்கு மேலாப்புல கொஞ்சம் மீனெண்ணெய் தெளிச்சுப் போட்டா பழகிடும்.”

“ரெண்டாம் நாளே அதைத்தாம்மா நானும் கேட்டேன்” என்றார் டமாரம். “கொஞ்சம் மீனெண்ணெய் தடவிப் போட்டுப் பாக்கலாமாங்கன்னு. ‘படிச்ச பொண்ணு மூணு மாசம் பக்கத்துலயே இருந்து பாத்திருக்கு, முதல் நாளே சாப்பிட்டுச்சாம், உனக்கு என்னய்யா தெரியும்’னுட்டாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது.”

அத்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

“அப்புறம் நான்தான் குழம்பிட்டேன். நம்ம கைதான் மீனுக்குப் பிடிக்காமப் போச்சோன்னு. நாலு நாளா என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்து அவ கையால போடச் சொல்லிப் பாத்தேன். தீவனத்து மேல ஒரு நிமிஷம்கூட எனக்குச் சந்தேகம் வரலைம்மா. நீ சொன்னதாச்சே.”

சின்னவள் கூனிக் குறுகிப்போனாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. டமாரம் வாளியை அவள் முன்னால் வைத்தார்.

“எவ்வளவு தெளிக்கணும், நீயே அளந்து காட்டும்மா” என்றார். “நான் பாட்டுக்குக் கூடக் கொறைய போட்டுடப் போறேன்.”

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார்.