சரளை மேட்டில் ஒரு சோதனை

...வராவிட்டால்தான் நல்லது, அதிர்வு இந்தப் பக்கம் வந்து சேராவிட்டால்தான் நல்லது என்று யோருன் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள், கிரேன் ஒரு பாறையைத் தூக்கிக்கொண்டிருந்தது, மலையிலிருந்து உருண்டு வருவதைப்போல அதை, மலைக்கற்களைத் தடுக்கக் கொட்டிய சரளைக்கல் மேட்டின் மேல் போடவேண்டும், உள்ளே புதைத்திருக்கும் சென்சார்கள் அதிர்ச்சி எவ்வளவு தூரம் ஓடுகிறதென்று காட்டும்... இரும்பென்றால் நேராக ஓடிவிடும், சரளையில் அப்படியா, ஒரு கல் இன்னொன்றை இடிக்கும், பக்கத்திலேயே ஒன்று எதுவும் தெரியாமல் கிடக்கும், எந்தக் கல் வழியாகப் போகுமென்று இத்தனை வருடம் படித்தும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. மேட்டுக்குப் பின்னால் ஒரே வீடுதான், அப்பாவின் வீடு. மேடு தாங்காதென்றால் நகராட்சி அவரைக் காலிசெய்யச் சொல்லிவிடும், மகளே சான்று சொல்லக் கூடாதென்றுதான் அறிக்கையில் கையெழுத்து அவளுடையதல்ல, கூட வேலை பார்க்கும் ஐவினுடையது. அப்பாவோ தூரத்தில் சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார். பனியில் வழுக்கி விழுந்ததை அவரா சொன்னார், தபால்காரர் சொல்லித்தானே தெரிந்தது... என்னோடு பேர்கன் நகரத்துக்கு வந்துவிடுங்கள் என்றதற்கு, "உன் மூணாவது மாடியில உக்காந்து நான் யாரைப் பாக்கறது? கல்லு வந்தா வரட்டும், சொல்லிட்டா வரும்?" என்றார். அம்மா போனபிறகு அந்தச் சமையலறையில் யாரோடு பேசுகிறார், ரேடியோவோடா?

"விடட்டுமா?" என்றான் ஐவின். தலையசைத்தாள். காலடியில் நிலம் ஒருமுறை உதறியது, தூசி எழுந்தது, திரையில் முதல் வரிசை சென்சார்கள் துள்ளின, அடுத்த வரிசையில் பாதிதான், அதற்கடுத்ததில்... கோடு படுத்துவிட்டது. கல்லோடு கல் உரசியே அத்தனை வேகமும் தீர்ந்துபோயிருந்தது.

"தாங்கிடுச்சு. இனி உன் அப்பா நிம்மதியாத் தூங்கலாம்."

சந்தோஷப்படவேண்டிய இடம், சிரிக்கக்கூடச் செய்தாள், ஆனால் நெஞ்சுக்குள் ஏன் இப்படிச் சப்பென்று... அப்பா எழுந்து நின்று, "என்னடி, நான் இருக்கலாமா, மூட்டை கட்டணுமா?" என்று கத்தினார். "இருக்கலாம்ப்பா." அவர் நாற்காலியை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை, விரித்தபடியே இழுத்துக்கொண்டு நடந்தார். கடைசி வரிசையில் ஒரு வயர் கழன்று அளவு தப்பியிருக்குமோ, கழன்றிருக்கக் கூடாதா, அப்பா என்னோடு வரவேண்டியிருக்குமே... கூடாதா என்றா நினைத்தேன்?

"இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமா?" என்று ஐவினிடம் கேட்டாள்.

"எதுக்கு? தெளிவாத்தானே இருக்கு."

தெளிவாகத்தான் இருந்தது.