கண் சிமிட்டிய உப்பு

சிவசங்கரி செய்த கருவிக்கு அவளே வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்ததோடு சரி. லாரி ஓட்டும் ராஜவேல் அதற்கு ‘நாத்தனார்’ என்று பெயர் வைத்தான், அதுதான் நிலைத்தது. வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி சாலையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே வரும். ஆளோ மாடோ குறுக்கே வந்தால் கத்தும். ஓட்டுகிறவன் கவனிக்காவிட்டால் தானே பிரேக் போடும். நல்ல காரியம்தான். ஆனால் மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தபோது, அது வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் ரொம்பக் குறைவு.

காரணம் உப்பு. இருட்டிலும் பனியிலும் பார்ப்பதற்காக அந்தப் பெட்டி நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அடிக்கும். பட்டுத் திரும்பி வருகிறதை வைத்து முன்னால் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடும். விடியற்காலை லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது, மூட்டையிலிருந்து சிந்திக் கிடக்கிற உப்புக்கல் ஒவ்வொன்றும் பளிச்சென்று மின்னி, நானும் இருக்கிறேன் என்று முன்னால் வந்து நின்றது. பெட்டி அலறியது. வண்டி நின்றது. ராஜவேல் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான்.

“ஏம்மா, உப்பளத்துல ஓட்டுற வண்டி உப்பப் பாத்தே பயந்தா எப்படி?” என்று கேட்டார் சுப்ராயன். வண்டிக்கும் அளத்துக்கும் சொந்தக்காரர் அவர். அந்தப் பக்கத்து லாரிக்காரர்கள், அவர் ஒன்றுக்குத் தலையாட்டினால் மறுபேச்சு இல்லாமல் தாங்களும் ஆட்டுவார்கள். இரும்பை ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் சிவசங்கரியும் அவள் கூட்டாளி அருண்ராஜும் நடத்திய கம்பெனி பிழைப்பதும் இழுத்து மூடுவதும் அந்த ஒரு தலையாட்டலில் இருந்தது.

ஆகவே அவள் பெட்டியின் நிரலில் ஒரு வடிகட்டி எழுதினாள். முட்டிக்குக் கீழே, கூட்டமாக, மினுக் மினுக்கென்று தெரிகிற புள்ளிகள் எல்லாம் உப்பு, தூக்கிப் போட்டுவிடு. தவழ்கிற குழந்தையாக இருந்தாலும் அது ஓர் உருவமாகத்தான் தெரியும், கூட்டமாக மின்னாது; அதைப் பெட்டி விடாது. அதையெல்லாம் பொம்மை வைத்துச் சோதித்தும் பார்த்துவிட்டாள்.

அருண்ராஜ் மட்டும் கேட்டான். “உப்போட சேர்ந்து வேற ஏதாச்சும் போயிடாதா?”

“முட்டிக்குக் கீழ, கூட்டமா, வேற என்னடா இருக்கப் போவுது?” என்றாள் சிவசங்கரி. அவனும் யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து பெட்டி பரம சாது. “நாத்தனாருக்கு வாய்ப்பூட்டு போட்டுட்டீங்களே மேடம்!” என்று ராஜவேல் புளகாங்கிதப்பட்டு அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். கோடை முழுக்க, ஆடி, ஆவணி முழுக்க, வண்டி உப்பைப் பார்த்துப் பயப்படாமல் ஓடியது.

மழை வந்தது. அளங்கள் மூழ்கின. குவித்து ஓலை போட்டு மூடி வைத்திருந்த உப்பைத்தான் இனி ஏற்ற வேண்டும். கார்த்திகையில் ஒரு நாள் சுப்ராயனிடமிருந்து போன் வந்தது. “நாளைக்குக் காலைல நானே வண்டியில வர்றேன். ஒரு நடை பாத்துட்டு முடிவு சொல்லிடறேன்.”

இரவெல்லாம் பெய்த மழை விடியும்போது விட்டிருந்தது. லாரி உப்பு மேட்டிலிருந்து கிளம்பி, அளங்களை இரண்டாகப் பிளந்துகொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிற குறுகலான தார்ச்சாலையில் ஊர்ந்தது. ராஜவேல் ஸ்டியரிங்கில், சுப்ராயன் ஜன்னலோரம், நடுவில் மடிக்கணினியோடு சிவசங்கரி. வெளியே பனிமூட்டம் பால் மாதிரி கவிந்திருந்தது. விளக்கு வெளிச்சம் நாலு எட்டு போய் அதோடு மழுங்கிவிட்டது. பெட்டி கம்மென்று இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது: பாதையில் ஒன்றுமில்லை.

“பரவாயில்லியே,” என்றார் சுப்ராயன். முகத்தில் திருப்தி தெரிந்தது. “இவ்ளோ பனியில கூட சத்தமில்லாம வருது.”

சிவசங்கரிக்கு நெஞ்சு லேசாயிற்று. இன்னும் கொஞ்ச தூரம். அவர் வாயைத் திறந்து சரி என்று சொல்லிவிட்டால் போதும். அவள் பழக்க தோஷத்தில் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். வடிகட்டி எத்தனை புள்ளிகளைத் தூக்கிப் போடுகிறது என்று காட்டும் எண் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். அது திடீரென்று ஏறத் தொடங்கியது. கோடையில்கூட அவள் அந்த அளவுக்குப் பார்த்ததில்லை.

“ராஜவேல், ரோட்டுல எங்கயாச்சும் உப்பு கொட்டிருக்கா?” என்றாள்.

“ரா முழுக்க பேஞ்சிருக்குது மேடம். கொட்டிருந்தாலும் கரைஞ்சு ஓடிருக்கும். கார்த்திக மாசத்துல அளத்துல உப்பு ஏது?”

உப்பு இல்லை. அப்படியானால் எதைத் தூக்கிப் போடுகிறது அவள் பெட்டி? கை தானாக, வடிகட்டுவதற்கு முன்னால் பெட்டி உண்மையில் பார்க்கிறதைத் திரையில் மட்டும் கொண்டு வந்தது. சாலை முழுக்கப் புள்ளிகள். இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை, பனிக்குள் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பல புள்ளிகள் இரண்டிரண்டாக இருந்தன. அவற்றில் ஒரு ஜோடி அணைந்தது. மறுபடி எரிந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடியும் அப்படியே.

உப்பு கண் சிமிட்டாது.

பேசாமல் இருந்திருக்கலாம். பச்சை விளக்கு எரிகிறது, பெரியவர் சிரித்த முகமாக இருக்கிறார், சாலையில் மனுஷர் யாரும் இல்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த ஆசை அவளுக்கு வரத்தான் செய்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அது அவளைப் பிடித்து வைத்திருந்தது.

“நிறுத்துங்க! ராஜவேல், நிறுத்துங்க!”

ராஜவேல் மிதித்த மிதியில் மூட்டைகள் முனகின. சுப்ராயனின் நெற்றி கண்ணாடிக்கு ஒரு சாண் தூரம் வரை போய்த் திரும்பியது. “என்னம்மா இது? பொட்டி கத்துறது போயி இப்ப நீ கத்துறியா?” என்று அவர் எகிறினார்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு, ராஜவேலைத் தாண்டிக் கீழே இறங்கினாள்.

லாரியின் மூக்குக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்குக் காலியான தார். அதற்கப்புறம் சாலையே இல்லை, பறவைகள்தான் இருந்தன. கைக்குள் அடங்கிவிடுகிற சின்ன உடம்பு, சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில், மழையில் நனைந்த இறகை உப்பிக்கொண்டு நின்றன. சில முதுகுக்குள் மூக்கைச் செருகித் தூங்கின. விளக்கு வெளிச்சம் கூசி விழித்தவை அவளைப் பார்த்தன. ஆயிரம் இருக்குமா, பத்தாயிரம் இருக்குமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் இடுப்பளவு. நிற்கத் தண்ணீர் மூடாத இடம் என்று இந்தத் தார்ச்சாலை ஒன்றுதான் மிச்சம். உலகத்தின் உச்சியில் எங்கோ பனிக்காட்டிலிருந்து கடலும் மலையும் தாண்டி வந்து, அந்த உயிர்கள் இவர்களுடைய சாலையில் ஒண்டிக்கொண்டிருந்தன.

சிவசங்கரிக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. இப்படி ஒன்றை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. தூக்கிப் போடு என்று அவள் எழுதி வைத்த ஒவ்வொரு புள்ளியும் இங்கே இதயம் துடிக்க நின்றுகொண்டிருந்தது.

“உள்ளான்,” என்று கிசுகிசுத்தான் பின்னால் வந்த ராஜவேல். “இம்புட்டு உள்ளானா!” பிறகு என்ன நினைத்தானோ, லாரியின் முன்பக்கம் குனிந்து, கம்பி வலையில் ஒட்டிக்கொண்டிருந்த எதையோ பிய்த்து எடுத்தான். சாம்பல் நிற இறகு. “மழை ஆரம்பிச்சதுலேருந்து தெனமும் இத பைப் புடிச்சுக் கழுவுறேன் மேடம். பனியில ஒன்னும் தெரியல. கோரைப் பூவு ஒட்டிருக்குதுன்னுல்ல நெனச்சேன்.”

சிவசங்கரி அந்த இறகைக் கையில் வாங்கினாள். அந்தக் காலைகளில் எல்லாம் அவள் பெட்டி பச்சை விளக்குக் காட்டியிருக்கும். பாதையில் ஒன்றுமில்லை என்று அவனுக்கு உறுதி சொல்லியிருக்கும். அவள் உடம்பு கூசியது. இறகை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

சுப்ராயன் எப்போது இறங்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை. அளத்திலேயே பிறந்து வளர்ந்த மனுஷர். ஆனால் அளத்துக்காரனுக்கு மழைக்காலம் ஓய்வுக்காலம், கார்த்திகை விடியலில் அவர் போர்வைக்குள் இருப்பவர். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, அசையாமல் நின்றார். “என் ரோட்டுலயா?” என்றார்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம், பனிக்கு அப்பால், மஞ்சளாக இரண்டு விளக்குகள் தெரிந்தன. மேட்டுக்கு ஆள் ஏற்றி வரும் வேன். அதில் பெட்டியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

ராஜவேல் ஹாரன் அடிக்க ஓடினான். “டேய், அடிக்காத!” என்று அடிக்குரலில் அதட்டினார் சுப்ராயன். “அடிச்சா அத்தனையும் எழுந்து வேன் மேலதான் போய் மோதும்.”

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். நேராகப் பறவைகளுக்குள் நடந்தார்.

“ஐயா, வேணாம்! பனியில வெள்ள வேட்டி தெரியாது!” என்று சிவசங்கரி பதறினாள். அவர் காதில் வாங்கவில்லை. காலைத் தூக்கி வைக்காமல், தரையோடு தேய்த்துத் தேய்த்துப் போனார். அவர் பாதம் போகப் போக, முன்னால் நின்றவை சலித்துக்கொண்டாற்போல் ஓர் அடி விலகி இடம் விட்டன. அவர் கடந்ததும் பின்னால் வந்து மூடிக்கொண்டன. ஒன்றுகூடப் பறக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே உயிர் அலையலையாக விலகி மறுபடி சேர, அந்தக் கனத்த மனிதர் பனிக்குள் மெல்ல மெல்ல மறைந்தார். சிவசங்கரி கையைக் கூப்பிக்கொண்டிருந்தாள். கூப்பியது அவளுக்கே தெரியாது.

மஞ்சள் விளக்குகள் பெரிதாயின. நடுவில் ஒரு துண்டு இங்குமங்கும் வீசப்படுவது நிழலாகத் தெரிந்தது. டயர் கிறீச்சிட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிறகு யாரோ கெட்ட வார்த்தையில் திட்டுகிற சத்தம் கேட்டது. பாதியில் அந்தத் திட்டு நின்றது. அதைவிட இனிமையான வசவை அவள் கேட்டதில்லை. வேன் விளக்குகள் அணைந்தன. கதவு திறந்து ஆட்கள் இறங்குவது கேட்டது. பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

கடல் பக்கம் வெளுத்தது. பனி கிழிந்து கிழிந்து விலக, சாலையின் அந்த முனையில் வேனும் இந்த முனையில் லாரியும், நடுவில் அந்தக் கூட்டமும் தெளிவாகத் தெரிந்தன. வேனில் வந்தவர்கள் சாப்பாட்டு டப்பாவும் கையுமாக, கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்கள் போல நின்றார்கள். முதல் வெயில் தார் மேல் விழுந்தது. ஒரு பறவை சிறகை உதறியது. அடுத்த கணம் சாலை மொத்தமும் எழுந்தது. அந்த இரைச்சலில் லாரியின் கண்ணாடி அதிர்ந்தது. மேலே போய், ஒரே உடம்பாகத் திரும்பியபோது வானம் வெள்ளையாயிற்று. மறுபக்கம் திரும்பியபோது சாம்பலாயிற்று. அண்ணாந்து பார்த்த ஒருவருக்கும் இமை மூடவில்லை. அப்புறம் அவை கழுவேலி ஏரித் தண்ணீருக்கு மேலே தாழ்ந்து, தூரத்தில் எங்கோ இறங்கின.

சுப்ராயன் வெறுங்காலோடு திரும்பி வந்தார். முகம் முழுக்க வியர்வை. பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

“இத்தன நாளா அது இத உப்புன்னா சொல்லிச்சு?”

“அது சொல்லல ஐயா. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அந்த வடிகட்டிய இனிமே போட மாட்டேன்.” மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும். “ஆனா உப்பு எது, கண்ணு எதுன்னு பிரிக்க அதுக்கு இன்னும் தெரியாது. கத்துக்குடுக்க நாளாகும். தை பொறந்து உப்பு எடுக்க ஆரம்பிச்சா பழையபடி கத்தும், வண்டிய நிறுத்தும். பங்குனி வரைக்கும் பறவைங்களும் இங்கதான் இருக்கும், அதனால மாசம் பாத்து வாய மூடவும் முடியாது. இத மாட்டினா உங்க வண்டி மெதுவாத்தான் போகும் ஐயா. வேணாம்னு சொன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

ராஜவேல் கோடையை நினைத்துப் பெருமூச்சு விட்டான்.

சுப்ராயன் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தபடி, பறவைகள் இறங்கிய திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கத்தட்டும்,” என்றார். “எல்லா வண்டியிலயும் கத்தட்டும்.”