கடைசிப் பெயர் கட்டாயம்

அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குக் கதவு கிடையாது. சுவரில் ஒரு தொடுதிரை மட்டும் இருந்தது. அதில் வரும் படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பினால் சுவர் விலகி ஒரே ஒருவரை உள்ளே விடும்.

பொன்னுரங்கத்தின் மனைவி வேதவல்லி உள்ளே இருந்தாள். குழந்தை குறுக்கே திரும்பிவிட்டது, சொந்தக்காரர் யாராவது வந்து சம்மதம் கொடுத்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். பொன்னுரங்கம் திரைக்கு முன் போய் நின்றான்.

வெள்ளைத் திரையில் எழுத்துகள் நீர்மோர் நிறத்தில் இருந்தன. மூக்கு இடிக்காத குறையாகக் குனிந்து பெயர், வயது, ஊர், ரத்த வகை எல்லாம் போட்டான். மா. பொன்னுரங்கம். திரை சிவந்தது. 'கடைசிப் பெயர் கட்டாயம். குறைந்தது மூன்று எழுத்து.' போட்டதெல்லாம் அழிந்துபோனது. நம் ஊரில் எவனுக்கு ஐயா கடைசிப் பெயர் இருக்கிறது? முன்னால் ஒரு இனிஷியல் நிற்கும், அவ்வளவுதான். சொல்லிச் சொல்லி இருபது வருஷமாகிறது, படிவம் மாறுவதாயில்லை.

மறுபடி ஆரம்பித்தான். பாதியில் நீலப் புடவை கட்டிய பெண் ஒருத்தி திரையை மறைத்து நின்றுகொண்டு, "எங்க சேவை எப்படி இருக்குன்னு சொல்லுங்க சார்" என்றாள். அவளை விலக்கப் பெருக்கல் குறியைத் தொட வேண்டும். அது அவள் காது மடலில் கடுகளவு இருந்தது. மூன்று தடவை தவறி நான்காவதில் பட்டது. அதற்குள் நேரம் முடிந்து படிவம் காலியாகிவிட்டது. உள்ளே வேதவல்லி அலறினாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்பா பேரைப் போடுங்க சார், எல்லாரும் அதைத்தான் போடுவாங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

மாசிலாமணி என்று போட்டான். திரை பச்சையானது. 'மாசிலாமணி உள்ளே வரவும்.'

பதினொரு வருஷத்துக்கு முன் இறந்துபோன மாசிலாமணி, வராந்தாக் கோடியிலிருந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். "தள்ளுப்பா, என்னைத்தான் கூப்பிடறாங்க" என்று உள்ளே போனார். சுவர் மூடிக்கொண்டது. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே என்று பொன்னுரங்கம் சுவரைத் தட்டினான்.

அரைமணி கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது. "கைநாட்டே போதும்னுட்டாங்க. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் சுகம். புள்ளைக்கும் கடைசிப் பேரு கேட்டாங்க, உன் பேரைக் குடுத்துட்டேன்."

"நான் பாக்கணும்ப்பா."

"அதுக்கென்ன, படிவம் போட்டுட்டு வா."

போட்டான். 'பொன்னுரங்கம் என்ற பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. வேறு பெயரைத் தேர்ந்தெடுக்கவும்.' கீழே சில பெயர்களைத் திரையே கொடுத்திருந்தது. பொன்னுரங்கம்1 முதல் பொன்னுரங்கம்6 வரை தொட்டுப் பார்த்தான், எதுவும் அமுங்கவில்லை. பொன்னுரங்கம்7 அமுங்கியது. 'உங்கள் முறை வரும்வரை அமரவும்.'

சுவரோரப் பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேருக்கும் அவன் முகம். கடைசியில் இருந்தவன் நகர்ந்து இடம் விட்டான். முதலில் இருந்தவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"நம்ம பொண்ணுக்கு வர்ற வைகாசியில கல்யாணமாம்" என்றான் நரைத்தவன்.

பொன்னுரங்கம்7 உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டான்.